கூடப் போக ஓர் ஆள்: திருப்பூர் லைன் வீட்டுப் பையன் ஒருவன் ஐடிஐ சேர்ந்த நிகழ்வு ஆய்வு

பெயர்களையும் தெருவையும் எழுதவில்லை. பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். அவர்கள் இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார்கள், திருத்தியிருக்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். யார் எத்தனை ஷிப்ட், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் பிடித்தம் என்று வாரம் முழுக்கக் கணக்கெழுதி, சனிக்கிழமை சம்பளக் கவர் போடுவது என் பிழைப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பி.என். ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு லைன் வீட்டுக் காம்பவுண்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பன்னிரண்டு வீடு, ஒரே வாசல், இரண்டு கக்கூஸ். தேனி, மதுரை, திண்டுக்கல், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள். எல்லா வீட்டிலும் பெரியவர்கள் பனியன் வேலைதான்.

"ஒரே ஒரு பையனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று கூட வேலை பார்க்கும் தோழி கேட்டார். இதே திருப்பூரில் பிறந்த கல்வியாளர் தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் கோவையில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை ஆரம்பித்தபோது அங்கே இருந்ததும் ஒரே ஒரு பையன், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பையன். ஒருவனோடு கடைசி வரை நடந்து பார்த்தால்தான் வழியில் எங்கெங்கே பள்ளம் என்று தெரிகிறது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

தங்கைக்காக வந்தவன்

2023 டிசம்பர் கடைசி. ஒன்பதரை மணிக்கு வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் பவர்டேபிளில் கைமடி வேலை முடித்து நேராக வந்திருக்கிறான். டெய்லர் தைத்துத் தள்ளும் பீஸை எடுத்து, மடித்து, அடுத்த மெஷினுக்கு நகர்த்துவதுதான் கைமடி. நாள் முழுக்க நின்றபடி. கையில் ஒரு படிவம் வைத்திருந்தான்.

"அக்கா, தங்கச்சிக்கு இது நிரப்பணும். எட்டாவது படிக்கிறா. பரீட்சை எழுதினா காசு வருமாம்."

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, "நீ என்ன படிக்கிற?" என்றேன். பதில் வரவில்லை. தங்கைதான் பின்னாலிருந்து சொன்னாள்: "அண்ணன் பத்தாவது பெயிலுக்கா. கணக்குல."

2023 பொதுத்தேர்வில் கணக்கில் 27 மார்க். மற்ற நான்கு பாடமும் பாஸ். ஜூனிலிருந்து கம்பெனி. காலை எட்டரைக்கு ஏறினால் ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். வயது 16. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே, வீட்டுத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்கு தவிர, எந்த வேலையும் கூடாது என்கிறது, 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்களை மட்டும் தடுக்கிறது. ஆகவே இவனைப் போன்ற பையன்களைப் பற்றி யாரும் பதறுவதில்லை. பள்ளிக் கணக்கில் இடைநின்றவன், கம்பெனிக் கணக்கில் ஹெல்பர்.

அவன் ஏன் திரும்பத் தேர்வு எழுதவில்லை? அடுத்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த விஷயம் இன்றும் என்னை உறுத்துகிறது. ஐந்து பாடத்தையும் மறுபடி எழுதவேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பெயிலான பாடத்தை மட்டும் எழுதினால் போதும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பள்ளியில் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள். ஆனால் எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவில் இருந்தது அப்பாவின் பழைய நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு செத்த போன் நம்பரால் ஒரு பையன் ஆறு மாதம் கைமடி வேலை செய்திருக்கிறான்.

வீட்டுக் கணக்கு

அப்பா கெட்டவர் இல்லை. இப்படிப்பட்ட கதைகளில் அப்பாவைக் குடிகாரராகவே எழுதிப் பழகிவிட்டோம், அதனால் இதை முதலில் சொல்கிறேன். அவர் ஃபைனான்ஸில் ஒரு குட்டியானை வண்டி எடுத்து லோடு அடிக்கிறார். மாத டியூ 8,400. பையன் வாரத்துக்குக் கொண்டுவந்தது ஏறக்குறைய 2,100. பெருக்கிப் பார்த்தால் பையனின் சம்பளமும் வண்டி டியூவும் ஒன்று. அம்மா தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங்கில் சம்பாதிப்பது வாடகைக்கும் அரிசிக்கும்.

"இன்னும் ரெண்டு வருசம் அவன் கை குடுத்தான்னா வண்டி நம்மளதாயிரும்மா. அப்புறம் படிக்கட்டும்" என்றார் அப்பா. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டு வருடம் கைமடியாக நின்றவன் அதற்குள் சிங்கர் மெஷின் பழகி, ஓவர்லாக் மெஷின் பழகி, டெய்லராகி, கையில் கூடுதல் காசு பார்த்துவிடுவான். அதற்கப்புறம் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. டெய்லர் தொழில் மட்டமென்று சொல்லவில்லை, என் கம்பெனி ஓடுவதே அவர்கள் கையால். அவன் அதைத் தேர்ந்தெடுத்துப் போகவேண்டும், வேறு வழியில்லாமல் போய் விழக்கூடாது. அவ்வளவுதான் என் வாதம்.

அப்பாவிடம் பையனைப் படிக்க விடச் சொல்லி நான் வாதாடவில்லை, வேலையை விடச் சொல்லியும் கேட்கவில்லை. ஜூலையில் துணைத்தேர்வு, ஒரே ஒரு பாடம், ஒரு நாள் லீவு. அதை மட்டும் கேட்டேன். சரி என்றார்.

35 மார்க்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளைப் பிரித்து வைத்துப் பார்த்தால் பயம் பாதி போய்விடும். ஒரு மார்க் 14 கேள்வி. இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10. கடைசியில் எட்டு மார்க் இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், இன்னொன்று வரைபடம். கடைசி இரண்டும் சேர்ந்து 16. ஒரு மார்க்கில் பத்து கிடைத்தால் 26. மீதி ஒன்பதை இரண்டு மார்க்கிலும் ஐந்து மார்க்கிலும் பொறுக்கிக்கொள்ளலாம். முதலில் பாஸ், அறிவு வளர்வது பிறகு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதல் வாரம் அவனால் உட்காரவே முடியவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுக்கு உட்கார்ந்த உடனே தூக்கம். ஆகவே நின்றுகொண்டே படிக்கச் சொன்னேன். சுவரில் ஒரு பழைய காலண்டரைத் திருப்பி ஒட்டி, அதன் பின்பக்கத்தில் எழுதினான்.

வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடு வரையும் கணக்கு. நான் கற்றுக்கொடுத்துக் கற்றுக்கொடுத்துச் சலித்தேன். ஒரு நாள் அவனாகவே கேட்டான்: "அக்கா, இது கழுத்துப் பட்டி வளைவு மாதிரிதானே?" கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அட்டையில் பேட்டர்ன் வரைவதை அவன் ஓரமாக நின்று பார்த்திருக்கிறான். நடுப்புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் சமமாக அளந்து, வளைவைத் தொட்டுக்கொண்டு கோடு போவது அவன் கண்ணுக்கு ஏற்கெனவே பழக்கம். அன்றைக்குப் பிறகு வடிவியல் ஒருமுறைகூடத் தப்பவில்லை. காம்பஸைப் பிடிக்கும்போது விரல் நுனியில் பஞ்சு ஒட்டிக்கொண்டு தாளில் கோடு மங்கும். ஒவ்வொரு முறையும் ஊதிவிட்டு வரைவான்.

ஷிப்மென்ட் வாரங்களில் வரமாட்டான். ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் அப்படி மூன்று வாரம் போனது. தேர்வன்று லீவு கேட்டபோது காண்ட்ராக்டர் என்னிடமே போன் பண்ணினார். "ஏனுங்க அம்மணி, லோடு ஏத்தற நேரத்துல பையனக் கூப்புட்டுட்டுப் போறீங்க. ஒரு பாடம் பாஸ் பண்ணி என்னங்க ஆகப்போவுது?" கடைசியில் விட்டார். அந்த மனுசனுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் காலேஜ் படிக்கின்றன. அதைச் சொல்லித்தான் கேட்டேன்.

ஜூலை 2024 தேர்வு. மாதக் கடைசியில் ரிசல்ட். 41.

'நாளைக்கு வாங்க'

இந்த ஆய்வில் நான் அதிகம் நேரம் செலவழித்த பகுதி இதுதான், பாடம் இல்லை.

பாஸானதும் அடுத்தது ஐடிஐ, அதாவது அரசு தொழிற்பயிற்சி நிலையம். அங்கே சேரக் கேட்பவை: மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ. ஒவ்வொன்றும் ஒரு அலுவலகம். எல்லா அலுவலகமும் பத்து மணி முதல் ஐந்தே முக்கால் வரை, திங்கள் முதல் வெள்ளி. அம்மாவின் ஷிப்ட்டும் அதே நேரம். அரை நாள் போனால் அரை ஷிப்ட் சம்பளம் போகும், அந்த வாரம் முழுக்க வராத ஆள் என்று பெயரும் வரும். இது என் மேசைக்கு வரும் கணக்கு என்பதால் எனக்கு நன்றாகத் தெரியும்.

படித்த பள்ளியில் டிசிக்காக அம்மா போனார். எழுத்தர் லீவு, நாளைக்கு வாங்க. மறுநாள் தலைமை ஆசிரியர் மீட்டிங், நாளைக்கு வாங்க. அங்கே யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த இரண்டு வார்த்தையின் விலை அந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. இரண்டு நாளில் ஒரு முழு ஷிப்ட் போய்விட்டது. மூன்றாம் முறை நான் கூடப் போனேன். போகும்முன் பள்ளிக்குப் போன் செய்து, யார் இருப்பார்கள், எத்தனை மணிக்குக் கையெழுத்து ஆகும் என்று கேட்டுக்கொண்டேன். இருபது நிமிடத்தில் டிசி கைக்கு வந்தது. நான் பெரிய ஆள் என்பதால் இல்லை. போன் செய்து கேட்கலாம் என்பதே அந்த அம்மாவுக்குத் தோன்றியதில்லை, அந்த நம்பரும் அவரிடம் இல்லை.

வருமானச் சான்றிதழ் கதை இதைவிட நீளம். அது தங்கையின் உதவித்தொகை வேலையில் ஆரம்பித்தது. இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய்தான். கேன் எண் (இ-சேவைக்காக ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண்) போட்டுப் பதிவு செய்தால் விண்ணப்பம் ஆதாரில் இருக்கும் முகவரியைப் பார்த்து, தேனி மாவட்டத்து விஏஓவுக்குப் போய்விட்டது. அவர் விசாரிக்க அங்கே யாரும் இல்லை. ஊருக்குப் போனால் போக்குவரத்து இரண்டு நாள். திருப்பூர் முகவரிக்கு மாற்றலாம் என்றால் வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள். லைன் வீட்டுக்காரர் எந்த வீட்டுக்கும் ஒப்பந்தம் எழுதியதில்லை, எழுதவும் மாட்டார்.

வழி கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆதார் முகவரி மாற்ற ஆதார் ஆணையம் ஒரு மாதிரிச் சான்றுப் படிவம் வைத்திருக்கிறது. அதில் கவுன்சிலர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். வார்டு கவுன்சிலர் ஞாயிறு காலை வீட்டில் இருப்பார். ஒரே காலையில் காம்பவுண்டின் ஏழு குடும்பத்துக்கு வாங்கினோம். ஆதார் மையத்தில் அப்போது கட்டணம் 50 ரூபாய். முகவரி மாறியதும் வருமானச் சான்று இங்கேயே வந்தது. தங்கை அந்தத் தேர்வில் தேறவில்லை, அதையும் எழுதவேண்டும். ஆனால் அவளுக்காக மாற்றிய முகவரிதான் எட்டு மாதம் கழித்து அண்ணனுக்கு உதவியது.

டிசம்பர் 2023 முதல் ஆகஸ்ட் 2024 வரை அம்மாவும் நானும் அலுவலகங்களில் நின்ற அரை நாட்களை என் நோட்டில் குறித்திருக்கிறேன். அம்மா ஒன்பது, நான் நான்கு. அரசு கொடுக்கும் எதுவும் பெரிய காசு கேட்கவில்லை. கேட்டதெல்லாம் இந்த அரை நாட்கள்தான். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன், நான் முதல்வன், உயர்வுக்குப் படி என்று பிள்ளைகளை மேலே படிக்கவைக்கும் அரசுத் திட்டங்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றை மனதார மதிக்கிறேன். அந்தக் கதவு வரைக்கும் வேலை நாளில் நடந்துபோக ஓர் ஆள் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பதாக எண்ணி அவற்றை எழுதியிருக்கிறார்கள். தினக்கூலி வீட்டில் அந்த ஆள் இல்லை.

டர்னர்

துணைத்தேர்வில் தேறியவன் போய்ச் சேரும்போது கலந்தாய்வு முடிந்திருந்தது. மீதமிருந்த இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை. அவனுக்கு எலக்ட்ரீஷியன்தான் ஆசை, அது நிரம்பிவிட்டது. டர்னர் இருக்கிறது என்றார்கள். அம்மா என்னைப் பார்த்தார்: "டர்னர்னா என்னக்கா?" என்னாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே மறுநாளே சேர்க்காமல், ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிக் கோவை போனோம். அங்கே கணபதி பகுதியில் என் சித்தப்பா பையன் டர்னர் வேலை நடக்கும் ஒரு லேத் (கடைசல் மெஷின்) பட்டறை வைத்திருக்கிறான். கோவையில் பம்பு, மோட்டார், டெக்ஸ்டைல் மெஷின் உதிரி எது செய்தாலும் லேத் இல்லாமல் ஆகாது. அந்தச் சந்துகளில் பட்டறை பட்டறையாக அதுதான். ஓர் இரும்புத் தண்டைச் சுழலவிட்டு, டூலை மெல்ல நகர்த்தினான். தண்டின் மேல்தோல் உரிந்து, நீலம் பூத்த சுருளாகக் கீழே விழுந்தது. பையன் குனிந்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, ஒரு சுருளை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பஸ்ஸில் திரும்பும்போது நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான், "சேர்றேங்க்கா" என்று. அந்தச் சுருள் இன்னும் அவன் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது.

எதைப் படிக்கப்போகிறோம் என்று கண்ணால் பார்க்காமல் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது பெரும் தவறு என்று அன்று எனக்கு உறைத்தது. இப்போது யாரையும் அப்படி அனுப்புவதில்லை.

காசுக் கணக்கு இப்படி. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகம் எல்லாம் தருகிறார்கள். அதே 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தமிழ்ப்புதல்வன் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்வி சேரும் பையன்களுக்கு மாதம் 1,000. பெண்களுக்கான புதுமைப்பெண் 2022 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. பையனுக்கு 750ம் ஆயிரமும் சேர்ந்து 1,750. டியூ 8,400. பெரிய பள்ளம். அதை மூடியது அப்பாதான். விடிகாலை மூன்று மணிக்குத் தென்னம்பாளையம் சந்தைக்குக் காய்கறி லோடு அடிக்க ஆரம்பித்தார். பையன் சாயங்காலம் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறான். 17 வயதில் இப்படி ஓடுவது நல்லதில்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆயிரம் ரூபாய் எங்கே போனது

சேர்ந்து நான்கு மாதமாகியும் அந்த ஆயிரம் வரவில்லை. கூடப் படிப்பவர்களுக்கு வந்துவிட்டது. ஐடிஐயில் பட்டியலில் பெயர் இருக்கிறது, பணம் போய்விட்டது என்கிறார்கள். பேங்க்கில் வரவில்லை என்கிறார்கள். அப்பா, "நம்ம ராசி" என்று விட்டுவிடத் தயாராகிவிட்டார்.

அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம் எல்லாம் பாஸ்புக்கில் நாம் எழுதிக் கொடுத்த கணக்குக்கு வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அதற்குத்தான் போகும். மைஆதார் தளத்தில் எந்த பேங்க் ஆதாரோடு இணைந்திருக்கிறது என்று காட்ட பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே பார்த்தால் வேறு ஒரு பேங்க் பெயர் வந்தது. ஆறாம் வகுப்பில் ஊரில் இருந்தபோது உதவித்தொகைக்காகப் பள்ளியில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு. பாஸ்புக் பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எடுத்துவந்து பதிவு போட்டால், பணம் பத்திரமாக இருந்தது. மாதா மாதம் வந்து, எடுக்க ஆளில்லாமல் கிடந்திருக்கிறது. அந்தப் பணத்தில் முதலில் அவன் வாங்கியது லேத் வேலையில் அளவு பார்க்கும் ஒரு வெர்னியர் காலிபர்.

இன்னொருவன்

இவனோடு கூடப் படிக்க வந்த பையன் ஒருவன் உண்டு. அதே பவர்டேபிள், அதே கணக்கு பெயில். இவனைவிடச் சூட்டிகை. ஒரு மாதம் வந்தான். அவன் அப்பா காண்ட்ராக்டரிடம் 15,000 அட்வான்ஸ் வாங்கியிருந்தார், அக்கா கல்யாணத்துக்கு. அது தெரியாமல் நான் காண்ட்ராக்டரிடம் நேராகப் போய், இந்த இரண்டு பையன்களுக்கும் ஏழு மணிக்கே விடமுடியுமா என்று கேட்டுவிட்டேன். அட்வான்ஸ் வாங்கிய ஆள் நழுவப் பார்க்கிறான் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அன்று ராத்திரியே அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று பேசியிருக்கிறார். பன்னிரண்டு வீடும் கேட்டது. மறுநாளிலிருந்து பையன் வரவில்லை. அவன் அம்மா என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார்.

தப்பு என்னுடையது. முதலில் வீட்டில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு கடன், எப்போது தீரும் என்று கேட்டிருக்கவேண்டும். சம்பளக் கவரில் அட்வான்ஸ் பிடித்தம் எழுதுகிறவளே அதை மறந்தேன். இப்போது எந்தப் பிள்ளை வந்தாலும் மார்க்கைக் கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்கிறேன், தனியாக, அம்மாவிடம்.

முதல் பையன் இரண்டாம் ஆண்டில் இருக்கிறான். பத்தாவது முடித்து இரண்டாண்டு ஐடிஐ படித்தவர்கள் மொழித்தேர்வு எழுதினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று கிடைக்கும், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டும் சேரலாம். இரண்டில் எது என்று அவன் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரிகளில் சின்னப் பிள்ளைகளுக்கு வடிவியல் அவன்தான் எடுக்கிறான். பேங்க் சீடிங் பார்த்துச் சொல்வதும் அவன் வேலை. காம்பவுண்டில் வரிசையில் வருகிறார்கள்.

இரண்டாவது பையனின் அட்வான்ஸ் தீபாவளி போனஸில் கழிந்துவிட்டது என்று போன மாதம் தெரிந்தது. நான் போகவில்லை, இவன்தான் போய்க் கூப்பிட்டான். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கப் பழைய பள்ளியில் மார்க் ஷீட் வாங்கவேண்டும். எழுத்தர் செவ்வாய்க்கிழமை இருப்பார் என்று போன் செய்து கேட்டுவைத்திருக்கிறோம். அவன் அம்மாவோடு நான் போகிறேன். அரை ஷிப்ட் லீவு சொல்லியாகிவிட்டது.